நடுவில் டோரண்டோ

பிப்ரவரி 3, செவ்வாய்

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். உலகத்தைச் சுற்றி வருகிற டிக்கெட் என்றால் ஒரே விமானம், சிரம்பான் பஸ் மாதிரி மணி அடித்தால் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ராசா டவுனில் டிக்கெட் கடைக்குப் போய், "எங்க மூத்தவ வீட்டுகிட்ட கொஞ்ச நாளு நிப்பாட்டச் சொல்லுமா" என்று கேட்டும் வைத்தேன். கடைப் பெண் ஷாலினி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் கடிக்கவில்லை.

நல்ல வெயில். தோட்ட நாற்றுமேடையில் எனக்கு இரண்டு வேளைத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எண்ணெய்க்குப் போடும் செம்பனைக் கன்றெல்லாம் என்னை மாதிரி, தலை சாய்ந்தாலும் சாவதில்லை.

மண்டோருக்கு மாதக் கடைசியோடு வேலை ஓய்வு. மண்டோர் என்றால் என் வீட்டுக்காரர் மணியம். தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணி, முப்பது வருஷமாக; வீட்டில் அதற்கும் கூடுதலாக. பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். மூத்தவள் கவிதா டப்ளினில் நர்ஸ். சின்னவள் தேவி ஆக்லாந்தில், கைக்குழந்தையோடு. இரண்டுக்கும் நடுவில் பிறந்த சுரேன் டோரண்டோவில்.

அவன் பேச்சு வீட்டில் கிடையாது. ஆறு வருஷம்.

பிப்ரவரி 4, புதன்

ஷாலினி போனில் சொல்லச் சொல்ல எழுதியது. அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரே திசை. கிழக்கே என்றால் கிழக்கே, மேற்கே என்றால் மேற்கே. திரும்பக் கூடாது.

பெரிய கடல் இரண்டு. இரண்டையும் தாண்ட வேண்டும், தலா ஒரே தடவை.

கிளம்பின நாட்டுக்கே வந்து சேர வேண்டும். (வேறு எங்கே போவோம்?)

பதினாறு ஏற்றத்துக்கு மேல் கூடாது. விமானம் மாறி ஏறினாலும் கணக்கு.

பத்து நாளுக்குக் குறையாமல், ஒரு வருஷத்துக்குள்.

தேதி மாற்றக் காசு இல்லை. ஊர் மாற்றக் காசு.

வரிசைப்படிதான் ஏற வேண்டும். ஒன்றை விட்டால் மிச்சம் எல்லாம் போச்சு.

எந்தத் திசை என்று சாயங்காலம் பேச்சு. பம்பளிமாஸ் பழம் ஒன்றை எடுத்து, காம்பு மேலே இருக்கும்படி வைத்து, பேனாவால் ஊர்களை எழுதினேன். கழுவின கையோடு வந்து மண்டோர் எட்டிப் பார்த்தார்.

"கோயில எந்தப் பக்கமா சுத்துவ?"

"வலமா."

"அப்ப இதையும் வலமா சுத்து."

விரல் மேற்கே போயிற்று. அது முடிவாயிற்று. வெள்ளி, ஞாயிறு மேற்கே சூலம், அதனால் வியாழக்கிழமை கிளம்புவது. டிக்கெட்காரர்களுக்கு இருப்பதை விட எங்களுக்கு விதி ஜாஸ்தி.

பழத்தில் நான் கண்டது: கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சுரேன்தான் நடுவில்.

பிப்ரவரி 6, வெள்ளி

அவரும் கண்டுவிட்டார்.

"நடுவுல அந்த ஊரு எதுக்கு?" பேரைச் சொல்லவில்லை. அந்த ஊர்.

"கடலத் தாண்டுனா எங்கயாச்சும் இறங்கணுமில்ல. நீந்தியா போவீங்க?"

"வேற ஊரே இல்லையா அங்க?"

"கேட்டுப் பாக்கிறேன்லா."

கேட்க வேண்டியதில்லை. பல ஊர் இருக்கிறது என்று ஷாலினி அன்றைக்கே சொன்னாள்.

மாமியார் இறந்தபோது சுரேனுக்கு அங்கே பேப்பர் சரியாகவில்லை. வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். வரவில்லை. பேரன் பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடித்தான். அன்று மண்டோர் போனில் சொன்னது: "இதுக்கு வரலன்னா இனிமே வரவே வேணாம்." அவன் அப்பா பேச்சை அப்படியே கேட்டுக்கொண்டான். அந்த ஒரு பேச்சைத்தான் கேட்டான்.

ஞாயிறு காலையில் எனக்குப் போன் பண்ணுவான். அந்த நேரம் பார்த்து இவர் மோட்டார் சைக்கிளைக் கழுவப் போவார். ஆறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான மோட்டார் எங்கள் சுவா வட்டாரத்திலேயே இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

தனியாக ராசா டவுனுக்கு. பாசாருக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொய்யாகக் கூடாது என்று திரும்பும்போது வெண்டைக்காய் வாங்கினேன்.

"ஆண்டி, ஊரு எதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. டிக்கெட் அடிச்சப்புறம் கஷ்டம்" என்றாள் ஷாலினி.

"அடிம்மா" என்றேன்.

டப்ளின் பத்து நாள், ஆக்லாந்து ஒரு மாதம். டோரண்டோ இரண்டு நாள். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"டிக்கெட் அடிச்சாச்சு. அந்த ஊரும் இருக்கு."

சோற்றைப் பிசைந்தார். பிறகு, "நா டப்ளின்லேருந்து திரும்பிடுறேன்."

"திரும்பக் கூடாது. ஒரே திசை."

"அந்த ஒன்ன மட்டும் விட்டுட்டு, ஆக்லாந்துல வந்து சேந்துக்கிறேன்."

"ஒன்ன விட்டா மிச்சம் எல்லாம் வெட்டு. பேத்தியப் போன்லதான் பாக்கணும்."

"இது என்ன ஞாயம்?"

"உங்க ஞாயந்தான். நிரையில ஒரு மரத்த விட்டுட்டு வந்தவனுக்கு என்ன போடுவீங்க?"

அரைப் பேர் போடுவார். அரைநாள் கூலி போச்சு. அழுதாலும் கேட்கமாட்டார். கட்டின பெண்டாட்டி எனக்கே ஒருநாள் போட்டிருக்கிறார்.

இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை. வெண்டைக்காய் அவருக்குப் பிடித்தது, அதையும் தொடவில்லை. கிண்டல் அதிகமாகிவிட்டது. எழுந்து போன பிறகு அவர் தட்டில் இருந்ததை நான் தின்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்கள் பேரைக் கூப்பிடும்போது, என் பேரை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவள் சொல்லித்தான் எழுதினார். கோபத்தில் இல்லை, ஞாபகம் இல்லாமல்தான்.

மத்தியானம் கடலோரம் சி ரூசா பக்கம் போய்விட்டு வந்தார். மோட்டார் கூடையில் பொட்டலம். நெத்திலிக் கருவாடு. எங்கள் வீட்டில் கருவாட்டுக்கு உயிரை விடுகிறவன் ஒருவன்தான்.

"யாருக்குங்க?"

"யாருக்கோ."

சுவருக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு என் எழுத்தை விரல் வைத்துப் படித்தார்.

"தேதி மாத்த காசு இல்லன்னு எழுதியிருக்கியே."

"ஆமா."

"ரெண்டு நாளுல என்னா? கருவாட்டக் குடுத்துட்டு ஒடனே எந்திரிச்சு வர்றதா? பத்து நாளு போடச் சொல்லு."

பின்கட்டுக்குப் போய், கழுவின சட்டியை மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சுரேன் போன். மோட்டார் வாசலில் நின்றது, அழுக்காக. இவர் நாற்காலியில்.

முகம் தெரிகிற போன் அது. போனை இவர் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். இவர் மேசையிலிருந்த பம்பளிமாசைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க ஏறுறோம். இது கவிதா வீடு. அப்புறம் இது கடல்." விரல் நின்றது. "இது நீ."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"வலமா வர்றோம். குளிருமா?"

"குளிரும்ப்பா. நா கோட்டு வாங்கி வைக்கிறேன்."

"சைசு தெரியுமா ஒனக்கு?"

"என் சைசுதானப்பா உங்களுக்கு."

பழத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இவர் குளிக்கப் போனார். காலையில்தான் குளித்திருந்தார்.

நான் போனை வைப்பதற்குள் குரங்கு வந்து பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து டப்ளின் பக்கம் உரிக்க ஆரம்பித்தது. மேற்கே பார்த்து ஒழுங்காகத்தான் உரித்துக்கொண்டு போயிற்று. நடுவில் எதையும் விடவில்லை.