பாயில் ஒரு மணிநேரம்

12 மார்ச் 1946, செவ்வாய்
வெள்ளவத்தை

மகள் பவளத்துக்குச் சித்திரையில் கலியாணம். எனக்குச் சம்மணம் கட்டி இருக்க முடியாதாம். அதனால் என் இடத்தில் தானே மணவறையில் இருந்து தாரை வார்ப்பதாகச் சொல்கிறான் தம்பி. அப்பன் நான் உயிரோடு இருக்கிறேன்.

மருதானையில் வாங்கிய உடற்பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து மூன்று மாதமாகப் பழகுகிறேன். பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றை உள்ளிழுத்து, மூச்சோடு சேர்த்துக் காலை மெல்ல உயர்த்தி நீட்ட வேண்டும். தொடையின் பின்தசை இளகியிருக்கிறது. குனிந்தால் முழங்காலோடு நின்ற விரல் இப்போது கணுக்காலைத் தொடுகிறது.

இன்று மாலை தம்பி வந்தான். மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கூடத்தில் பாய் விரித்து அவன் முன்னால் சம்மணம் கட்டினேன். ஒரு மணிநேரம் அசையவில்லை.

"இருந்திட்டியள், சரி. இனி எழும்புங்கோ பாப்பம் அண்ணை. கலியாணம் முடிஞ்சும் மணவறையிலயே இருக்கப் போறியளோ?"

எழும்புவதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. நாள்தோறும் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழும்புவேன். கூடத்தில் கட்டில் இல்லை.

"எனக்கு இஞ்சை சுகமாய் இருக்கு. நீ போ."

அவன் போகவில்லை. ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். என் சாப்பாடும் பாய்க்கே வந்தது.

"கை தரட்டோ அப்பா?" என்றாள் பவளம். வேண்டாம், இந்த நாட்குறிப்புக் கொப்பியை மட்டும் எடுத்துத் தா என்றேன். இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

லைட் சுவிச்சு சுவரில் எட்டாத உயரத்தில் இருக்கிறது. முதலில் வலது முழங்காலை ஊன்றிப் பார்க்கப் போகிறேன்.