முப்பது பேரும் ஒரு கரைவலையும்

மடு மாதா துணை

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
13 தை 2008

அன்புள்ள மச்சாள் றோஸ்மேரிக்கு,

இது உம் கையில் கிடைக்கும் நேரம் நீரும் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசாலையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உம்முடைய புருஷனும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தபாலில் போட்டால் எத்தனை பேர் பிரித்துப் படிப்பார்களோ, அதுதான் கொழும்புக்கு வருகிற குணேஸ்வரி அக்காவிடம் கொடுத்து விடுகிறேன். எங்கள் மேல்மாடி வீட்டில் இருப்பவ, நம்பலாம். போனில் கதைக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பி அம்புறோசின் அகதி விசாரணை போன செவ்வாய்க்கிழமை நடந்தது. முடியவில்லை. மாசி இருபத்தாறாம் திகதி திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் சரியான அத்தாட்சி காட்டாவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லோயர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கட்டுநாயக்காவில் பிளேனால் இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

என்ன குற்றம் செய்தான் என்று கேட்பீர். கேளும் இந்த அநியாயத்தை! அவன் ஒரு படைத் தலைவனாம். உம்முடைய அம்புறோஸ்! கோழிக்குஞ்சு செத்தாலும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிறவன்.

அரசாங்கப் பக்கத்தில் ஒரு மனிசி வந்திருந்தா. நல்ல மரியாதையாகப் போன்ஜூர் சொன்னா, சிரித்தா, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டா. பேந்து ஒரு கடதாசியை எடுத்தா. உங்கள் விண்ணப்பத்தில் சம்மாட்டி என்று எழுதியிருக்கிறது, உங்களுக்குக் கீழே முப்பது ஆண்கள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறது, உண்மையா என்றா. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவ விடாமல், எங்களிடம் உள்ள நாட்டுக் குறிப்பின்படி சம்மாட்டி என்றால் கரையோரக் குலங்களின் போர்த் தலைவன், கூப்பிட்ட உடனே வரக்கூடிய முப்பது பேரை வைத்திருப்பான், கடல் வழியெல்லாம் அவன் கையில், ஆகவே இந்த முப்பது பேரும் எந்த இயக்கம், என்ன ஆயுதம் வைத்திருந்தார்கள் என்று கேட்டா.

ஆயுதமாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. கரைவலை இழுக்க முப்பது பேர் இல்லாமல் பதினைந்து பேரா வருவார்கள்? வலையும் தோணியும் யாருடையதோ அவர்தான் சம்மாட்டி. இது பேசாலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்க்க வந்த பொடியன் கொழும்பில் பிறந்து வளர்ந்தவனாம். கடலைக் காலிமுகத்திடலில் மட்டும்தான் கண்டிருப்பான். அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நான் எழும்பி நின்று சத்தம் போட்டேன், என்னை வெளியே இருத்திவிட்டார்கள்.

நான் விடுவேனா? அந்தக் குறிப்பு எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்று லோயரிடம் பிரதி வாங்கினேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு பழைய புத்தகத்தின் பெயர் இருந்தது. எங்கள் மகள் றொஷினி இங்கே யூனிவர்சிட்டியில் கடைசி வருஷம் என்று உமக்குத் தெரியும்தானே. அவள் அங்கேயுள்ள நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். நான் சென்ட் லோரன்டில் மருந்து பைக்கற் பண்ணுகிற வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பனிக்குள்ளே அக்காடி மெத்ரோவுக்கு நடந்து போனேன். அவள் ஆங்கிலத்தில் வாசித்து, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக எனக்குச் சொன்னாள்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை எங்கள் கரைக்கு உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், றோஸ்மேரி. அவன் குதிரையில் வந்து பனங்கூடல் ஓரமாகக் கூடாரம் அடித்து, ஊர் ஊராக எண்ணி எழுதியிருக்கிறான். எந்தச் சாதி எத்தனை குடும்பம், யார் யாரோடு சம்பந்தம், எந்தத் தோணி எந்தக் காற்றுக்கு ராமேஸ்வரம் போகும், சங்கும் கருவாடும் எங்கே இறங்கும், யார் யாருக்குப் பணிவார்கள், யாரை யாரோடு மோதவிடலாம். கடைசியில் சொன்னதையும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறான்! வலை இழுக்கிறபோது எங்கள் ஆட்கள் பாடுகிற அம்பா அவனுக்குப் போர்ப்பாட்டாம். கோயில் திருநாளுக்குச் சனம் கூடினது படை திரட்டினதாம். மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போன துபாஷி என்னத்தைச் சொன்னானோ, இவன் என்னத்தை விளங்கினானோ, சம்மாட்டி என்றால் போர்த் தலைவன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் புத்தகம் புத்தகமாகப் படியெடுக்கப்பட்டு இன்றைக்கு மொன்றியலில் அந்த மனிசியின் மேசைக்கு வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருத்தனாவது எங்களிடம் வந்து, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டானா? அறுவான்கள்!

இன்னும் இருக்கிறது. கவனிக்க வேண்டிய ஆட்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறான். அதில் பேசாலைக்கு நேரே கைத்தான் சம்மாட்டி, ஐந்து தோணி, முப்பத்திரண்டு ஆள், முகத்தில் அம்மைத் தழும்பு, நம்பத்தகாதவன் என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஐயாவின் பாட்டன், றோஸ்மேரி! அவருக்கு ஒரு படம்கூட எங்களிடம் கிடையாது. அம்மைத் தழும்பு இருந்ததை நான் ஒரு உளவாளியின் புத்தகத்தில் வாசித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போடாதேங்கோ அம்மா, இது லைப்ரரி என்று றொஷினி என் வாயைப் பொத்தினாள்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிவிட்டேன், ஆனால் உம்மிடம் சொல்லாமல் அது தீராது.

அந்த விண்ணப்பத்தை நிரப்பினது நான். போன வருஷம் தம்பி இந்தக் குசினி மேசையில் இருந்து, அக்கா, நான் பிலேந்திரன் சம்மாட்டியின்ரை வலை இழுக்கிறவன், அப்பிடியே எழுதுங்கோ என்று தெளிவாகத்தான் சொன்னான். நான்தான் அவனை ஏசினேன். கைத்தான் சம்மாட்டியின் பூட்டப்பிள்ளை, ஐயாவின் மகன், வெளிநாட்டுக்கு வந்து கூலிக்கு வலை இழுத்தனான் என்று சொல்லப் போறியோ, எங்கட கோயில் சனத்துக்குத் தெரிஞ்சால் என்ன நினைக்கும் என்று கேட்டேன். நான் எண்பத்தொன்பதில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது ஐயாவுக்கு இரண்டு தோணி நின்றது. அது தொண்ணூறில் எரிந்ததும், பேந்து தம்பி அடுத்தவனின் மீன்வாடியில் கிடந்து உழைத்ததும் எனக்குக் கடிதத்தில் வந்த செய்திதானே. என் மண்டைக்குள் தோணிகள் நின்றுகொண்டேயிருந்தன. சம்மாட்டி, கீழே முப்பது பேர் என்று என் கையால்தான் எழுதினேன். எழுதிவிட்டு அவனுக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அந்தப் பாவி வாயைத் திறக்கிறான் இல்லை. உண்மையைச் சொல்லடா என்றால், அக்கா பொய் எழுதினவ என்று நான் எப்பிடி அந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லுறது, உங்களுக்கும் ஏதும் பிரச்சினை வந்தால் என்கிறான். விசரன். நான் சொல்லிவிட்டேன், இருபத்தாறாம் திகதி நானே போய்ச் சத்தியம் பண்ணி, எழுதினது நான், பெருமைக்கு எழுதினேன் என்று சொல்லப் போகிறேன். என்ன செய்வார்கள், செய்யட்டும். ஆனால் என் வாயை மட்டும் நம்ப மாட்டார்கள், எழுத்தில் அத்தாட்சி வேண்டும் என்கிறார் லோயர்.

அந்த எழுத்து உம்மிடம் இருக்கிறது. நேவி கொடுத்த மீன்பிடிப் பாஸ். அதில் அவனுடைய படமும் முத்திரையும், பிலேந்திரனின் கரைவலை, கூலியாள் என்ற வரியும் இருக்கிறதாம். செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறீர் என்று தம்பி சொன்னான். அன்றைக்கு வெள்ளைக்காரன் எங்களை எண்ணினான், இன்றைக்கு நேவி எண்ணுகிறது, எப்போது கடலில் இறங்கலாம், எப்போது ஏறலாம் என்று ஒரு மட்டையில் எழுதித் தருகிறது. எங்கள் கடலுக்கு எங்களுக்கே பாஸ்! அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு, அதே மட்டையைத்தான் தாரும் என்று உம்மிடம் கை நீட்டி நிற்கிறேன். பிரதி செல்லாதாம், மூலம் வேண்டுமாம்.

நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை நேவிக்காரர் உம்முடைய வீட்டு ஆட்களை எண்ண வரும்போது, அவர் புத்தளத்தில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அந்தப் பாஸைத்தான் காட்டுகிறீர். அது இல்லாவிட்டால் நீர் வெறுங்கையோடு நிற்பீர். அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேளும். பாஸைக் கன்னியர் மடத்து அக்னெஸ் சிஸ்டரிடம் கொடும். அவ கொழும்புக்குப் போய்க் குணேஸ்வரி அக்காவிடம் சேர்ப்பா, அக்கா மாசி பத்தாம் திகதி திரும்பி வாறா. கொடுத்த அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீரும் மடத்துக்குப் போய்விடும். வீட்டைப் பூட்ட வேண்டாம், கோழிகளைப் பக்கத்து வீட்டில் விடவும் வேண்டாம், திருநாளுக்குப் போகிற மாதிரிப் போம். ஏன் போகிறீர் என்று ஒருவருக்கும் சொல்லாதேயும்.

அஜிதா கோயிலில் முதல் நன்மை எடுக்கிறதுக்கு வெள்ளைச் சட்டையும் முக்காடும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். வளர்ந்திருப்பாள் என்று ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன். ஜெனாட்டுக்குச் சப்பாத்து. தம்பி பகலில் லொங்குய்யில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறான், முதுகு நோவுக்கு எண்ணெய் போட்டுவிடுகிறேன். சாப்பிடுகிறான். உம்மைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழும்பி யன்னலுக்குக் கிட்டப் போய் நிற்கிறான். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் உம்மிடம் பாஸைக் கேட்க விட்டிருக்க மாட்டான்.

என் வாய்க்கொழுப்புக்கு நீர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, மச்சாள். மன்னித்துக்கொள்ளும். மன்னிக்க மனம் வராவிட்டாலும் மடத்துக்குப் போம். அடுத்த முறை அவர்கள் எண்ண வரும்போது, உம்முடைய வீட்டில் எண்ணுவதற்கு ஒருவருமே இல்லாமல் இருக்க மடு மாதா அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் உம் மச்சாள்
யோசெப்பின்