சமையல்கட்டுப் பலகை என்றார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தையல் மிஷினுக்கு மோட்டார் போடுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். நான் நலம்.

எங்கள் தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காற்றுத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடப் பழகும் கிளப் இருக்கிறது. துப்பாக்கியைத் தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்கட்டை எல்லாம் பெரியவர்கள் அளவு. நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தோளில் வைத்தால் விசைக்குக் கை எட்டாது. நீளத்தையும் கன்னம் வைக்கும் உயரத்தையும் கூட்டிக் குறைக்கும் கட்டைகள் கடையில் உண்டு. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அதனால் மிச்சப் பலகையிலும் நாலு போல்டிலும் நானே ஒன்று செய்தேன். பயிற்சியாளர் பொருத்திப் பார்த்துச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நடுவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இது, சமையல்கட்டுப் பலகையா? எடுத்துட்டுப் போங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த விதியில தப்புன்னு படிச்சுக் காட்டுங்க சார். அளந்து பாருங்க!"

அளந்தார். ஒரு நூல்கூடக் கூடுதல் இல்லை. அதற்குள் போட்டிக்கு முன் அவளுக்குக் கொடுத்திருந்த பயிற்சி நேரம் முடிந்துவிட்டது. பழகிப் பார்க்காமலே சுட்டு நாலாவதாக வந்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? கிடையாது! விலைச்சீட்டு தொங்கினால்தான் பொருளா, அம்மா?

சத்தம் போட்டதற்கு முதலாளி கூப்பிட்டுக் கண்டித்தார், அவ்வளவுதான். வேலைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். இன்னும் ஆறு பிள்ளைகள் கட்டை கேட்டிருக்கிறார்கள். செய்யத்தான் போகிறேன்.

உங்கள் பழைய அளவு நாடா ஒன்றை அனுப்புங்கள். இங்கேயும் விற்கிறார்கள்தான். இருந்தாலும் நீங்கள் கழுத்தில் போட்டிருந்ததாகவே அனுப்புங்கள்.

பட்டறை மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்