பக்கத்து நாற்காலியில் டூல்ஸ் பை

ஏங்க,

"இன்னிக்குச் சீக்கிரமே கடையைப் பூட்டிட்டு வந்துடறேன்" என்றீர்கள். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். நான் இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

கல்யாணமோ சங்கக் கூட்டமோ, பந்தல் பிரிக்கிற நேரத்துக்குத்தான் வருவீர்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் நண்பர்தான் பக்கத்து நாற்காலியில் டூல்ஸ் பையை வைத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று எல்லோரிடமும் மல்லுக்கட்டுவார். இன்றைக்குக் கூட்டமே அவருக்காக. இனி யார் உங்களுக்கு இடம் பிடிப்பார்கள்?

சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம். கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவாருங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். அவர் மனைவி அந்தப் பையை உங்களிடம் கொடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டு போகிறேன். என் பக்கத்து நாற்காலியில் இருக்கும். யாராவது கேட்டால், ஆள் வருது என்பேன். என்னைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.