கஞ்சித் துரை படம்

மதினி,

நேற்று உங்கள் படம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உங்களைப் பிடித்த படமல்ல. கஞ்சித் துரை படம். கோவில்பட்டி வீட்டை விற்றாயிற்று, அண்ணன் அதைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் அனுப்பிவிட்டார். அவிழ்த்ததும் மண்ணெண்ணெய் வாடை. சனிக்கிழமைதோறும் நீங்கள் கண்ணாடியைத் துடைத்த வாடை இன்னும் போகவில்லை.

கறுப்புக் கோட்டு, காதோரம் இறங்கிய கிருதா, கையில் தடித்த புத்தகம். பஞ்சத்தில் உங்கள் பூட்டன் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றி ஞானஸ்நானமும் கொடுத்த மிஷன் துரை இவர்தான் என்று நம்பி, உங்கள் தாத்தா ஏதோ பங்களா ஏலத்தில் எடுத்த படம். சீதனத்தோடு அதுவும் வந்தது. பூப்போடக் கூடாதென்று சபைப் போதகர் சொன்னபோது, "சாமின்னா கும்பிடுதேன்? இவிய ஊத்துன கஞ்சிலதான நாங்க உசுரோட கெடக்கோம்" என்றீர்கள்.

பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்து உங்கள் ஒரே மகன் போன அன்று வீடு முழுக்க ஆள். நீங்கள் யார் மடியிலும் விழவில்லை. நேரே அந்தப் படத்தின் முன்னால் போய் நின்று, "ஐயா, பாத்தியளா ஐயா" என்று கதறினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவரிடம் பேசிவிடுவீர்கள். உளுந்து காய்த்தது, மழை ஏமாற்றியது, அண்ணன் குடித்துவிட்டு வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்.

பின்னட்டை செல்லரித்துவிட்டது, மாற்றித் தா என்று என்னிடம் கொடுத்தீர்கள். தீப்பெட்டி லேபிள் அச்சகத்திலேயே கிடந்து நரைத்தவன் நான். அச்சு வேலை எதைப் பார்த்தாலும் எனக்கு நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. சட்டத்தைக் கழற்றினால், அதுவரை மறைந்திருந்த அடி விளிம்பில் இங்கிலீஷ் எழுத்து. ஒரு பிரபுவின் பெயர். அதன் கீழே, லண்டன் சர்க்காரில் இந்தியாவுக்கான மந்திரி என்று பதவி. உற்றுப் பார்த்தால் கையில் இருந்தது வேதபுத்தகம்கூட இல்லை, ஏதோ சட்டப் புத்தகம்.

உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே மறுபடி மாட்டியிருக்கலாம். எனக்கு எங்கே பொறுக்கும்! வீட்டு ஜெபத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, "மதினி, இவரு போதகருமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம ஆளுக பட்டினில சாகும்போது தானியத்தக் கப்பல்ல ஏத்துன சர்க்காரோட மந்திரி. கல்லச்சுல வரஞ்சு கட்டுக்கட்டா அச்சடிச்சு வித்த படம்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி.

நீங்கள் எழுந்துபோய் எல்லாருக்கும் காப்பி கொடுத்தீர்கள். மறுநாள் படம் சுவரில் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. காலையில் உங்கள் பேச்சுச் சத்தமே கேட்பதில்லை என்று அண்ணன் சொன்னார். பிறகு சாப்பாடும் குறைந்தது. நாலு மாதம்கூட நீங்கள் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். குரலில் கோபமே இல்லை.

"அப்போ எம்புள்ள போனதுல இருந்து நான் யாருகிட்டலே சொல்லி அழுதேன்?"

இன்றைக்கும் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது, மதினி. அதைத் தாண்டி என்னால் ஜெபிக்க முடியவில்லை.