பிளந்த அடிமட்டம்

நேற்று ஈஸ்ட் ஹாமில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் அலுமாரியைத் துப்புரவாக்கினேன். அடித்தட்டில், கோடு போடும் அந்த மர அடிமட்டம் கிடந்தது. நுனியில் பிளவு. உன் விரல்களில் நான் அடித்தபோது பிளந்தது அது.

நீ லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண். அமெரிக்காவில் உங்கள் இனத்துப் பெண்பிள்ளைகளுக்கு உங்கள் மொழியிலும் வழக்கத்திலும் பாடம் நடத்தும் பள்ளியில் ஆசிரியை. மேற்படிப்புக்காக லண்டன் வந்து, எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாய். என் வகுப்பைப் பார்க்க வேண்டுமென்று நீதான் ஆசைப்பட்டுக் கேட்டாய். பெருமையோடு கூட்டிப்போனேன்.

அன்று என் மகளுக்குப் பதினொரு வயது. வகுப்பில் நான் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். "தமிழில சொல்லடி!" என்று அடித்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நடுவிரலில் திரும்பத் திரும்ப அடித்தேன். தோல் கிழிந்து, கொப்பியில் இரத்தம் சொட்டியது. மற்றப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். இலங்கைப் போரில், வீடு வாசலை ஷெல்லடியில் இழந்து வந்தவள் நான். தமிழும் போய்விடுமென்ற பயத்தில் எனக்குப் பேய் பிடித்திருந்தது.

நீ எழுந்து வந்து அவள் கைமேல் உன் கையை வைத்தாய். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் ஓங்கி அடித்தேன்.

நீ கத்தவில்லை. "என் அம்மாவையும் இப்படித்தான் அடித்தார்கள், வெள்ளைக்காரரின் விடுதிப் பள்ளியில், லக்கோட்டா பேசியதற்காக," என்றாய். "நீ தமிழ் பேசாததற்காக அடிக்கிறாய். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

"நான் என்ன வெள்ளைக்காரியே? உந்தக் கதையெல்லாம் உன்ர ஊரில வைச்சுக்கொள்!" என்று கத்தினேன்.

அந்த அடி வாங்கிய உன் அம்மா, சாகும்வரை உன்னோடு ஒரு லக்கோட்டாச் சொல்கூடப் பேசவில்லை என்றாய். நீ சொல்லித்தரக் கேட்டபோதெல்லாம் அறைந்தாராம். முப்பது வயதில், பிறத்தியாரிடம்தான் உன் மொழியைக் கற்றாயாம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

அன்று பின்னேரம் நீ வீங்கிய கையோடு எங்கள் குசினியில் நின்று, புட்டுக் குழைக்கக் காட்டித் தரச்சொல்லி என் மகளைக் கேட்டாய். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் இறைச்சி காயவைத்துக்கொண்டேதான் மொழி படிப்பார்களாம். மாவையும் தண்ணீரையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் கேட்டாய். உனக்கு அவை வாயில் நுழையவில்லை. அவள் சிரித்தாள். கட்டுப்போட்ட கையை நீட்டி, "ஐயோ, கனக்கத் தண்ணி விடாதேங்கோ!" என்றாள். படியில் நின்று கேட்டு அழுதேன். அடுத்த கிழமையிலிருந்து எங்கள் வகுப்பு, அது நடக்கும் மண்டபத்தின் குசினிக்கு மாறியது.

போன மாதம் உன் தங்கை தொலைபேசியில் அழைத்து, நீ இறந்துபோய்விட்டாய் என்றாள். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

இப்போது அந்த வகுப்பை நடத்துவது என் மகள். நேற்று அடிமட்டத்தை அவளிடம் கொடுத்து, கையை நீட்டினேன். "அடி பிள்ளை," என்றேன்.

அவள் அதை வாங்கிக் குப்பைப் பையில் போட்டாள். "பிள்ளையள் வரப்போகினம், அம்மா. மாவை எடுத்து வையுங்கோ," என்றாள்.

பையின் வாயை முடிச்சுப் போட்டபோது அவளுடைய நடுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. நான் அடித்த அன்றிலிருந்து அது மடங்குவதில்லை.