என் மேல் வராத சாமி

என் தம்பி மருதை, நீ இருக்கிற இடத்தில் நன்றாக இருப்பாய். உன்னை எப்போதும் நல்லபடியாகத்தானே வைத்திருக்கிறார்கள்!

நம் ஊருக்கு டவுன் பஸ் வந்துவிட்டது. உன் மகன் அரியலூரில் சிமெண்டு ஆலை வேலைக்குப் போகிறான். இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மனசு, நீ செத்த பிறகு வந்த கருப்புசாமி கோயில் திருவிழாவை விட்டு நகரவில்லை.

நானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். செட்டிகுளம் தேருக்குப் போனால் பக்திப் புத்தகம் வாங்காமல் திரும்பமாட்டேன். கடவுள் ஒன்றுதான், உருவமில்லாதது, நாம் கும்பிடுவதற்காக எத்தனையோ உருவம் எடுக்கிறது, கல்லிலும் இருக்கிறது, நம் நெஞ்சிலும் இருக்கிறது என்று உனக்கு எத்தனை முறை படித்துக் காட்டியிருப்பேன்! "எனக்கு என்னண்ணே தெரியும், பம்பை அடிச்சா வருது" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சிரிப்பாய்.

கருப்பு உன் மேல்தான் வந்தது. விரதம் இருந்தவன் நான். காப்புக் கட்டுகிற வரைக்கும் நண்டு தின்றவன் நீ. வந்தது எப்படி இருந்தது என்று கேட்டால், "ஞாபகமே இல்லண்ணே" என்பாய். ஞாபகம்கூட வைத்துக்கொள்ளாத ஒருவனுக்கா அதைக் கொடுப்பது?

சாமியாடி செத்துப்போனால், அடுத்த திருவிழாவில் சாமி யார் மேல் இறங்கும் என்று ஊர் காத்திருக்கும். இந்த முறை நான்தான் என்று இருந்தேன். சாமி வந்த பிறகு கட்ட வேண்டிய சலங்கையை முன்கூட்டியே கட்டிக்கொண்டு நின்றேன். பூசாரி பார்த்துவிட்டான். "என்ன பெரியப்பா, பொண்ணே இன்னும் பாக்கல, மாலையும் கழுத்துமா நிக்கிறீங்க?" என்றான். சனம் சிரித்தது. நான் அவிழ்க்கவில்லை.

பம்பை உச்சத்துக்குப் போனபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல். உன் பெண்டாட்டி பொன்னம்மா! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முகம் பார்த்துப் பேசாதவள், முடி அவிழ்ந்து கிடக்க, என் எதிரே வந்து நின்றாள்.

"டேய்! எல்லாத்துலயும் நான் இருக்கேன்னு ஊருக்கெல்லாம் சொல்றியே, உங்கிட்ட நான் எங்கேருந்துடா வரணும்?"

நானா விடுவேன்? "இவகிட்ட மட்டும் எங்கேருந்து வந்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றேன். என் நெற்றியில் அறைகிற மாதிரி திருநீற்றைப் பூசிவிட்டுச் சாமி மலையேறிவிட்டது.

மறுநாள் அவள் பழையபடி கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்பிட வாங்க மாமா" என்கிறாள். டேய் என்று கூப்பிட்டதும் இவள்தானா? உள்ளே இருப்பது வெளியிலிருந்து வர வேண்டியதில்லைதான். நான் படித்ததும் அதுதான். ஆனாலும் இருக்கிறது என்று இந்த உடம்புக்கு ஒரு தடவை தெரிய வேண்டாமா, மருதை? நீயாவது அங்கே கேட்டுப் பார்த்தாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். தம்பி பெண்டாட்டி என்று பார்க்காமல், சாமி வந்து நிற்கும்போது பொன்னம்மாவின் காலில் விழுவேன். எழுந்து அதே கேள்வியைக் கேட்பேன். பதில் வரும்வரை ஒவ்வொரு திருவிழாவிலும் கேட்பேன்.

உனக்கு முன்னால் பிறந்தும், உனக்குப் பின்னாலேயே நிறுத்தப்பட்ட
உன் அண்ணன்
செல்லமுத்து